ஒத்தை சீட்டு

— இந்த வண்டிக் கலர்ல ஏலக்காய் வந்தா ஏலத்துல ஒரு பய பட்டனை அமுக்க மாட்டான்க்கா. சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, முதலாளி எதைப் பாத்து இந்தக் கலரைச் சொன்னாரு?

— எதைப் பாத்து. பச்சைக் காய் ஒன்னைப் பறிச்சு டப்பாவுல போட்டு, இதே நிறத்துல வண்டி வேணும்னு இத்தாலிக்குப் பார்சல் அனுப்பிச்சாரு.

— பச்சைக் காயையா? காய வைக்காமயா?

— ஆமா. போய்ச் சேர நாப்பது நாளாச்சாம். வழியில எந்தக் கிட்டங்கியில கிடந்துச்சோ, வெளுத்துப் போச்சு. அவன் டப்பாவைத் திறந்தான், காய் என்ன நிறத்துல இருந்துச்சோ அதையே அடிச்சுட்டான். அவன் மேல என்ன தப்பு?

— அதான பாத்தேன். ரெண்டாந்தரம் வெளுத்த காய் நிறம். இத்தன வருசம் ஏலக்காய் யாவாரம் பண்ணுன மனுசனுக்கு இது தெரியாமப் போச்சே.

— எல்லாருக்கும் தெரிஞ்ச ஒன்னு அவருக்குத் தெரியாது தவசி. அப்படித்தான் அவரு. நீ பேசாம தொடை. பன்னெண்டு மணிக்கு வண்டியை வாங்குற கொச்சிக்காரர் வந்துருவாரு.

— போன் பண்ணாரா?

— பூப்பாறை வந்துட்டாங்களாம். லாரியும் கூடவே வருதாம்.

— அப்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். எட்டு மாசமா இந்த வண்டி காய் காய வைக்கிற ஸ்டோருக்குள்ள படுத்துக் கிடக்கு, நம்ம காயைப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர்ல கொண்டு போய்க் காய வைக்கிறோம். சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்கக்கா, போனாலும் எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. உலகத்துக்கே மொத்தம் முந்நூறு வண்டிதான் செஞ்சானாம். அதுல ஒன்னு போடிமெட்டுல சாக்குக் குவியலுக்கு நடுவுல நிக்குது.

— நிக்கத்தான் செய்யும். முன்கண்ணாடி இல்லாத வண்டிக்கு நம்பர் குடுக்க மாட்டோம்னு ஆர்டிஓ ஆபீசுல சொல்லிட்டாங்கல்ல. ரோட்டுல ஏற முடியாத வண்டியை வச்சுக்கிட்டு என்னத்த பண்ண? கோழி அடைக்கலாம்.

— நம்ம தோட்டத்து ரோட்டுல ஓட்டலாமே. சொந்த எடம்தான. அதுக்குத்தான முதலாளி ஸ்டோர்ல இருந்து கேட்டு வரைக்கும் தார் போட்டாரு.

— காய் பறிக்க வர்ற பொம்பளைக கால்ல கல்லு குத்துதுன்னு போட்டாருன்னு நினைச்சேன் நான். அப்பறம்தான் தெரிஞ்சுச்சு, இந்த வண்டி வயிறு தரையில இடிக்காம இருக்கணும்னு போட்டிருக்காரு. கேளு தவசி, மூணு கிலோமீட்டரு. ஒரு வண்டிக்கு மூணு கிலோமீட்டரு தார் ரோடு போட்ட மனுசனுக்கு, ஸ்டோர் அடுப்புப் புகைக்குழா ஓட்டையா இருக்குன்னு நாலு வருசமா நான் சொன்னது காதுல விழல.

— ரோடு மட்டுமா. எருமைப்பாறை வளைவுல பாறையை வெட்டுனாரே, அதைச் சொல்லுங்க. இப்ப ரெண்டு ஜீப்பு எதிரெதிர வந்தாலும் ஒதுங்கலாம். பள்ளத்துப் பக்கம் இடுப்பு உசரம் செவுரு. கொத்தனார் கூட ஒன்னா நின்னு கல்லு எடுத்துக் குடுத்தாரு, நெஞ்சு வலி இருக்குறப்பவே.

— எனக்குத் தெரியாது. நான் அந்த வளைவைப் பாக்குறதில்ல.

— தினம் அது வழியாத்தானக்கா என் ஜீப்புல வர்றீங்க?

— கண்ணை மூடிக்குவேன். வளைவுல ஒரு தடவை, கேட்டுகிட்ட ஒரு தடவை.

— கேட்டுகிட்ட எதுக்கு?

— எதுக்குன்னு உனக்குத் தெரியாதாக்கும்.

— கேட்டுல காவலுக்கு இருக்கிற அன்னக்கொடிக்காகவா. அவளும் உங்களைப் பாத்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிறா. நீங்களும் கண்ணை மூடிக்கிறீங்க. நடுவுல நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ஆருக்கு வணக்கம் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்.

— நீ ரோட்டைப் பாத்து ஓட்டு. அது போதும். அந்தத் துணியை நல்லாப் பிழி, தண்ணி சொட்டுது பாரு.

— பிழிஞ்சுதான் தொடைக்கிறேன். இந்தச் சீட்டுதான் தொடைக்கவே வர மாட்டேங்குது. பூரா புடைப்பு புடைப்பா இருக்கு. லாரியில இருந்து இறக்குறப்ப ஏறி உக்காந்தேன்ல, முட்டி மோவாயில இடிச்சுச்சு, இடுப்புல அந்தப் புடைப்பெல்லாம் குத்துச்சு. இத்தனைக்கும் நான் அஞ்சே முக்கால் அடிதான். உங்க மவன் ஸ்டான்லி தம்பி மெட்ராசுல இருந்து வந்து ஆசையா உள்ள இறங்குச்சு. இறங்குன வேகத்துல எந்திரிச்சுருச்சு. அது மசாஜு மாதிரி ஏதோ டிசைனாம். தம்பிதான் சொல்லுச்சு.

— அவன் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து உக்காந்து இடுப்பு பெருத்துப் போச்சு. அவன் எதுலதான் உக்காருவான்.

— முதலாளி ஆறடி. அவரு எப்படி உக்காரலாம்னு இருந்தாரோ.

— பந்தய வண்டின்னா ஒடுக்கமாத்தான் இருக்கும்னு அந்தக் கொச்சிக்காரரே சொல்றாரு. நாம என்னத்தக் கண்டோம்.

— அது சரி. முதலாளி போன்ல காட்டுவாரு. அந்தக் காலத்து இத்தாலிப் பந்தயம், கறுப்பு வெள்ளைப் படம். கூரை கிடையாது, முன்னாடி கண்ணாடி கிடையாது. தலையில தோல் தொப்பி, கண்ணுல பெரிய கண்ணாடி மாட்டிக்கிட்டு மலை ரோட்டுல பறப்பானுக. ரோட்டோரத்துல வைக்கோல் கட்டு அடுக்கியிருக்கும். அதே மாதிரியே இப்ப இவன் திரும்பச் செய்றான் பாரு தவசி, அப்படின்னாரு. ஒரு படத்தை நிறுத்தி, இது ஆரு மாதிரி இருக்குன்னு கேட்டாரு. எனக்குத் தெரியலைன்னேன். சிரிச்சுக்கிட்டுப் போனை உள்ள வச்சுட்டாரு.

— உன்கிட்ட இவ்வளவு பேசியிருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. தேவாரத்துல இருந்த தோப்பை விக்கிற பத்திரத்துல கையெழுத்துப் போடுன்னாரு. போட்டேன். ஸ்டோருக்கு மிசினு வாங்கப் போறாருன்னு நினைச்சேன். அவரு போயி முப்பது நாள் ஜெபம் முடிஞ்ச மறுநாள் லாரியில வந்து இறங்குது இது. ஊரே வந்து எட்டிப் பாத்துட்டு, விஜயராஜ் செத்தும் குசும்பு விடலைன்னு சிரிச்சுட்டுப் போச்சு.

— நான் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறேன்னு வேற வந்தேன். விரட்டுனீங்க.

— பின்ன? சமாதியில பூ காயல, இவன் எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக்கிட்டு வர்றான். கூரை இல்லாதது கூடப் பரவாயில்ல தவசி. கண்ணாடி இல்லாததும் பரவாயில்ல. இதை நான் விக்கிறதுக்குக் காரணம் அது இல்ல.

— ரோட்டுல ஓட்ட முடியாதுன்னுதான விக்கிறீங்க?

— அது ஊருக்குச் சொல்றது. நீ அந்த வண்டிக்குள்ள பாரு. எத்தனை சீட்டு இருக்கு?

— ஒன்னு.

— ஒத்தை சீட்டு. முப்பத்தெட்டு வருசம் எங்கூடக் குடும்பம் நடத்தின மனுசன், கடைசியா ஒரு வண்டி வாங்குறாரு. பக்கத்துல ஒரு பலகை கூட இல்ல. ரெண்டு சீட்டு வச்சும் அதே வண்டி இருக்காம், தெரியுமா உனக்கு? கொச்சிக்காரர் சொன்னாரு. ரெண்டும் ஒரே விலைதானாம். இவரு கேட்டு வாங்கியிருக்காரு, ஒத்தை சீட்டு போதும்னு. இதுக்கு மேல அவரு மனசுல எனக்கு என்ன எடம் இருந்துச்சுன்னு வேற ஆரு வந்து சொல்லணும்?

— அப்படி நினைக்காதீங்கக்கா.

— நினைக்கிறது என்ன, கண்ணு முன்னாடி நிக்குதே. எட்டு மாசமா இந்த வண்டியை நான் தொட்டதில்ல. தொடாமலே போகட்டும்னுதான் இருக்கேன்.

— உங்களுக்கு வண்டின்னாலே ஆகாமப் போச்சு. அது எனக்குத் தெரியும். முன்ன எப்படி ஓட்டுவீங்க. பட்டாளத்துல கழிச்சுப் போட்ட அந்தப் பழைய ஜீப்பு. அதுக்கும் முன்கண்ணாடி கிடையாது.

— உடைஞ்சுபோன சட்டத்தைக் கழட்டிப் போட்டுட்டேன். மாத்துறதுக்கு வழி இல்ல அப்ப.

— தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, வெல்டிங் கடையில போடுற கண்ணாடியை மாட்டிக்கிட்டு, போடியில இருந்து பதினஞ்சு பொம்பளைகளை ஏத்திக்கிட்டு வருவீங்க. செக்போஸ்டுல நிக்கிற மலையாளத்துப் போலீசு, சேச்சி வருன்னு அப்படின்னு கம்பியைத் தூக்கிட்டு நிப்பான்.

— வீட்டுல எனக்கு மட்டும்தான் லைசென்சு. எங்கப்பா கம்பத்துல வாடகை ஜீப்பு வச்சிருந்தாரு, அதுல பழகினேன். உங்க முதலாளி லைசென்சு வாங்கினது நாப்பத்தஞ்சு வயசுக்கு மேலதான்.

— அந்தக் காத்து மூஞ்சியில அடிக்கிறது கஷ்டமா இல்லையாக்கா?

— இல்ல. பிடிக்கும்.

— என்னது?

— பிடிக்கும்னு சொன்னேன். ஒவ்வொரு வளைவுலயும் ஒவ்வொரு வாசனை வரும். காப்பிப் பூ பூத்திருக்கிற வளைவு, ஆட்டுக்கெடை போட்ட வளைவு, ஸ்டோர்ல காய் காயிற வளைவு. கண்ணாடி போட்ட ஜீப்புல உனக்கு டீசல் வாசம்தான் வரும். சரி, அதெல்லாம் எதுக்கு இப்ப. கொச்சிக்காரர் உன்கிட்ட நேத்து போன்ல தனியாப் பேசினாரே, என்ன கேட்டாரு?

— ரோட்டைப் பத்திக் கேட்டாரு. லாரி ஏறுமா, திரும்ப எடமிருக்கான்னு. அவரு டிரைவரு பயப்படுறானாம். இந்த ரோட்டுல எப்பவாச்சும் வண்டி கவுந்திருக்கான்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— ஒரே ஒரு தடவை, எருமைப்பாறை வளைவுல ஜீப்பு ஒன்னு கவுந்துச்சு, இருபத்தேழு வருசம் ஆச்சுன்னேன்.

— ஆரு ஓட்டினதுன்னு கேட்டாரா?

— கேட்டாரு.

— நீ?

— ஊர்ல சொல்றதைத்தான் சொன்னேன்க்கா.

— கிருபாராணி கவுத்துட்டான்னு.

— ஆமா.

— ம்.

— கோவமா?

— உன் மேல எனக்கு என்ன கோவம். ஸ்டேஷன்ல லைசென்சு கேட்டாங்க, என் லைசென்சைத்தான நீட்டினோம். எழுதியாச்சு, முடிஞ்சுபோச்சு. எனக்கு ஸ்டேஷனும் ஊரும் பெருசு இல்ல தவசி. அன்னக்கொடியை ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன்ல. வலது கைய மணிக்கட்டுக்குக் கீழ எடுத்துட்டாங்க. இந்த மலையிலயே அவ அளவுக்குக் காய் பறிக்க ஆளு கிடையாது, பத்து விரலும் பத்து எலி மாதிரி ஓடும். என்னைப் பாத்து ஒன்னே ஒன்னு சொன்னா. உன் கையில ஸ்டியரிங்கு இருந்துச்சு, என் கை போச்சுன்னு. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

— அவளும் பாவம். படுதாவை இறக்கிவிட்டு, பின்னாடி இருட்டுக்குள்ள உக்காந்து வந்தவ. மழை வேற. ஓடைகிட்ட ஒரு நிமிசம் வண்டி நின்னுச்சு, அது கூட அவளுக்கு…

— தவசி.

— சொல்லலக்கா.

— இத்தன வருசம் பேசாததை இன்னிக்கு எதுக்குப் பேசணும். அதோட அவரு சாவியை வாங்கி மாட்டிக்கிட்டாரு. இனிமே நீ ஓட்டினா ஊரு என்ன பேசும், ஜீப்புல எந்தப் பொம்பளை ஏறுவா, அப்படின்னாரு. சரின்னு உக்காந்துட்டேன். தப்பு என் மேலயும் இருக்கு. கேட்டிருக்கணும் நான்.

— முதலாளி அன்னக்கொடியைக் கைவிடல. கேட்டுல உக்கார வச்சு, போற வர்ற வண்டியைப் பாத்துக்கன்னு ஒரு சோலி குடுத்தாரு. வீடு கட்டிக் குடுத்தாரு.

— குடுத்தாரு. எல்லாம் குடுப்பாரு. வாயைத் திறந்து பேசுறது ஒன்னுதான் அவருக்கு வராது. கடைசி மூணு வருசம் பைத்தியம் மாதிரிதான் இருந்தாரு. ரோடு போட்டாரு, பாறையை வெட்டினாரு. எனக்கு இடுப்பு வலின்னு ஒரு வைத்தியம் பண்ணாரே, உனக்குத் தெரியுமா?

— என்ன வைத்தியம்?

— இதே ஸ்டோர்லதான். சிலமலையில எலும்புக்குக் கட்டுப் போடுற ஆளு ஒருத்தர் சொன்னாராம். காய்ஞ்ச காயைச் சூட்டோட சாக்குல கொட்டி, அதுல அசையாம அரை மணி நேரம் உக்காந்தா இடுப்பு வலி போயிருமாம். அதுவும் எட்டு எம்எம் காய். பொறுக்கி எடுத்த மொதத் தரம். மனசாட்சி இருக்கிறவன் மேல உக்காருவானா?

— உக்காந்தீங்களா?

— உக்கார வச்சாரு. மேல மெல்லிசா ஒரு துணி. முதுகுக்குப் பின்னாடியும் மூட்டை. கால் ரெண்டையும் நீட்டி ஒரு பலகையில அழுத்துன்னாரு. சிரிச்சா அதட்டுனாரு, அசையாத கிருபா, அசைஞ்சா மருந்து வேலை செய்யாதுன்னு. அப்பறம் கையைப் பிடிச்சு மெதுவா என்னைத் தூக்கி விட்டுட்டு, போய்ச் சாப்பிடுன்னு சொல்லிட்டு, ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாரு. ரெண்டு நாளு ஆரையும் உள்ள விடல.

— வலி போச்சா?

— என்னத்தப் போச்சு. புடவை பூரா ஏலக்காய் வாசம், நாலு தடவை துவைச்சேன். ஆனா அந்தச் சூடு நல்லா இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. அவரு எம் பக்கத்துல அரை மணி நேரம் எங்கிட்டும் போகாம நின்னது அன்னிக்குத்தான்.

— இருங்க. போன் அடிக்குது… ஆங், பறயு சாரே. எவிடெ எத்தி? … ம்… ம்… கேட்டுல ஒரு அம்மா இருப்பாங்க, தவசி வரச் சொன்னாருன்னு சொல்லுங்க… சரி சாரே. அக்கா, செக்போஸ்டைத் தாண்டிட்டாங்க. இருபது நிமிசம்.

— அப்ப சாவியை எடு. ஆளு வந்ததும் கையில குடுத்து வெரசா அனுப்பிருவோம்.

— என் கை பூரா மெழுகு. சாவி அந்தச் சீட்டுலதான் கிடக்கு. நீங்களே எடுங்க.

— நான் தொட மாட்டேன்னு சொல்றேன், எடுங்கன்னு சொல்றான்.

— சாவியைத்தானக்கா. வண்டியை யாரு தொடச் சொன்னா.

— நகரு. குனியக் கூட முடியல, இவ்வளவு பள்ளத்துல சீட்டு வச்சிருக்கான்… எங்கடா இருக்கு?

— வலது பக்கம் ஓரமா. அங்கதான்… கிடைச்சுச்சா? அக்கா? என்ன அப்படியே நிக்கிறீங்க, இடுப்பு பிடிச்சுக்குச்சா?

— தவசி.

— சொல்லுங்க.

— இதை டிசைன்னு ஆரு சொன்னா?

— ஸ்டான்லி தம்பி.

— இது டிசைன் இல்ல.

— பின்ன?

— காய்.

— என்ன காய்?

— ஏலக்காய். இங்க கை வச்சுப் பாரு. மெழுகைத் தொடைச்சுட்டு வை. ஒவ்வொன்னும் முப்பட்டையா இருக்கா? இந்தா, இங்க காம்பு. இது குறுக்க விழுந்த காய். இது ரெண்டு ஒன்னு மேல ஒன்னு. நாப்பது வருசமா சல்லடையில கை வச்சு அளந்தவ நான். எட்டு எம்எம். ஒரு காய் கூடச் சிறுசு இல்ல.

— தோலுக்கு அடியில காயை வச்சுத் தைச்சிருக்கானா?

— காயை வைக்கல. காயோட அச்சு. மேல துணி போட்டிருந்தும் அச்சு விழுந்திருக்கு, அவ்வளவு நேரம் உக்கார வச்சிருக்காரு. தவசி, அந்த ரெண்டு நாளு, ரூமைப் பூட்டி வச்சிருந்தாரே, அப்ப ஆரு வந்தா இங்க?

— மூணு வருசம் முன்னாடியா… பால்சாமி வந்தான். ஃபால்ஸ் சீலிங் போடுவானே, போடியில, அந்தப் பால்சாமி. நான்தான் ஜீப்புல ஏத்திக்கிட்டு வந்தேன், கூட மூணு மூட்டை பிளாஸ்டர். ஸ்டோருக்கு எதுக்குடா சீலிங்னு கேட்டேன், முதலாளி பேசக் கூடாதுன்னுட்டாருன்னான். அதான பாத்தேன். மேல பாருங்க, இன்னிக்கு வரைக்கும் தகரம்தான் இருக்கு.

— அந்தப் பள்ளத்துல ஊத்தியிருக்காங்க.

— எந்தப் பள்ளத்துல?

— நான் எந்திரிச்ச பள்ளத்துல. ஊத்தி, காய வச்சு, அந்த அச்சை இத்தாலிக்கு அனுப்பியிருக்காரு. உக்காருறவங்க அளவு கேட்டிருப்பான் அவன். இவரு அளவை எழுதி அனுப்பாம ஆளையே அச்செடுத்து அனுப்பிச்சிருக்காரு. அவன் புடைப்பை ஒன்னு கூட விடாம அப்படியே செஞ்சுட்டான், காயோட நிறத்தைச் செஞ்ச மாதிரி.

— அப்ப இந்தச் சீட்டு…

— கதவைத் திற.

— சின்னக் கதவுக்கா, மேல தூக்கணும். பைய. கைய எந்தோள்ல வைங்க. இந்தக் காலை முதல்ல… ம், இப்ப அது… உக்காந்துட்டீங்களா? குத்துதா?

— இல்ல.

— எனக்குக் குத்துச்சே.

— எனக்குக் குத்தல. எல்லாப் புடைப்பும் அதுஅது எடத்துல இருக்கு. இடுப்புல வலிக்கிற எடம் இருக்கு பாரு, அங்க மட்டும் ஒரு குழி.

— காலு?

— எட்டுது.

— ரெண்டும்?

— ரெண்டும். பலகையில அழுத்துன மாதிரியே. அவரு கையில ஒரு சல்லடையைக் குடுத்தாரு தவசி. நான் இதைச் சொல்லவே இல்லையே உன்கிட்ட. வட்டச் சல்லடை. நெஞ்சுக்கு நேரா, இப்ப இந்த ஸ்டியரிங்கு இருக்கிற எடத்துல, ரெண்டு கையாலயும் பிடின்னாரு. கையில வலி இறங்கும்னாரு. நான் கேனச்சி மாதிரி அரை மணி நேரம் சல்லடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— அக்கா, அழுறீங்களா?

— சிரிக்கிறேன். தள்ளி நில்லு. எதுக்கெடுத்தாலும் அழுறியா அழுறியான்னுட்டு.

— போன்ல படத்தைக் காட்டி ஆரு மாதிரி இருக்குன்னு கேட்டாரே. இப்பத் தெரியுது. துண்டைக் கட்டி, கண்ணாடி மாட்டிக்கிட்டு வருவீங்களே, அப்படியே இருந்துச்சு. எனக்குத் தோணவே இல்ல பாருங்க. தோணியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன், முதலாளிக்கு ஒரு சந்தோசமாவது இருந்திருக்கும்.

— அவருக்கு என்ன சந்தோசம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு முடியாம, ஒரு தோப்பை வித்து, மூணு கிலோமீட்டரு ரோடு போட்டு, பாறையை வெட்டி, ஒரு சீட்டை அச்செடுத்து அனுப்பியிருக்காரு. அவ்வளவும் பண்ணிட்டு அந்த வார்த்தையைச் சொல்லாமலே போயிட்டாரு. இதை வச்சு நான் மன்னிச்சுட்டேன்னு நினைக்காத.

— நான் நினைக்கலக்கா.

— நினைச்ச. மூஞ்சியில தெரியுது. எனக்கு வேண்டியது இது இல்ல. அந்த ஒரு வார்த்தையை எங்கிட்டச் சொல்ல வேண்டாம், கேட்டுல உக்காந்திருக்காளே, அவகிட்டச் சொல்லியிருக்கலாம். ஓசியில முடிஞ்சிருக்கும்.

— சாவைப் பத்தி மட்டும் ஆருக்கும் நோட்டீசு வர்றதில்லையேக்கா. சொல்லலாம்னு கூட இருந்திருப்பாரு.

— இருந்திருப்பாரு. எப்பவும் இருந்தாரு. சரி, ஸ்டார்ட் பண்றது எப்படி?

— எதுக்குக்கா?

— கேட்டா சொல்லு.

— ஸ்டியரிங்குலயே சிவப்பு பட்டன். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு அமுக்கணும். வாராவாரம் நான் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன், உடனே பிடிக்கும். கிளச்சு கிடையாது. வலது கைகிட்ட இருக்கிற தகடை இழுத்தா கியர் ஏறும், இடது கையில இறங்கும். அக்கா, கொச்சிக்காரர் வந்துக்கிட்டிருக்காரு.

— வரட்டும். டீ போட்டுக் குடு. வண்டி விலைக்கு இல்லைன்னு சொல்லு. அலைய விட்டதுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. லாரி டிரைவருக்குச் சோறு போடாம அனுப்பாத.

— இருபத்தேழு வருசமாச்சுக்கா நீங்க ஸ்டியரிங்கு பிடிச்சு. நம்ம ஜீப்புன்னாலும் பரவாயில்ல. இது உறுமுனாலே இந்தத் தகரமெல்லாம் ஆடும். சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, நான் கூட வர்றேன்.

— எங்க உக்காருவ?

— அது சரி. எடமே இல்ல.

— இல்லல்ல. பக்கத்துல சீட்டே இல்ல. இப்பத்தான் எனக்கு அது புரியுது தவசி. உன் துண்டைக் கொண்டா.

— வேர்வை நாத்தம் அடிக்கும்க்கா. ஹெல்மெட்டு இருக்கு, வண்டியோட வந்தது.

— அதையும் கொண்டா. துண்டைக் கட்டி மேல அதைப் போட்டுக்கிறேன். ஏறுதா பாரு.

— ஏறுது. அளவா இருக்கு. எனக்குக் காதுக்கு மேலயே இறங்கல இது… அக்கா, வளைவு.

— தெரியும்.

— கண்ணை மூடிக்குவேன்னீங்க.

— ஓட்டுறவ கண்ணை மூட முடியுமா? நீ குறுக்குப் படியில இறங்கி ஓடு. பைய வர்றேன் நான், எனக்கு முன்னாடி நீ கேட்டுல இருக்கணும். இந்தச் சத்தம் கேட்டதும் அன்னக்கொடி எந்திரிச்சு நிப்பா. ஆரு ஓட்டிக்கிட்டு வர்றதுன்னு கேப்பா.

— கேப்பா. என்ன சொல்ல?

— கிருபாராணி ஓட்டுறான்னு சொல்லு. மூஞ்சியைத் திருப்பிக்குவா. திருப்பிக்கட்டும்.

— அப்பறம்?

— அப்பறம், அன்னிக்கு ஓடைகிட்ட ஜீப்பை நிறுத்தி, அவரு ஸ்டியரிங்கை வாங்கிக்கிட்டு என்னைப் பக்கத்து சீட்டுக்கு மாறச் சொன்னதை, பின்படியில தொங்கிக்கிட்டு நீ பாத்தியே, அதைச் சொல்லு.